திருகோணமலை: போர்க்காலத் தளங்கள் எங்கள் கரையை என்ன செய்தன?

கொட்டியாரன் எழுதியது:

ஒவ்வொரு ஏப்ரலிலும் யாராவது ஜப்பானியரின் 1942 குண்டுவீச்சைப் பற்றி எழுதுவார்கள். ஏப்ரல் 5 கொழும்பு, ஏப்ரல் 9 திருகோணமலை. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 300க்கு மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கியது. இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. ஆனால் குண்டு விழுந்தது ஒரு காலைப்பொழுதில். பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்தது வருடக்கணக்காக. ஊரை மாற்றியது எது என்று கேட்டால் நான் தளத்தைத்தான் சொல்வேன். அதைப் பற்றிக் கதைக்கத்தான் இந்த இழை.

பின்னணி சுருக்கமாக. 1795இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பிடித்ததிலிருந்தே இங்கே கடற்படை வந்து போய்க்கொண்டிருந்தது. போர்க்கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிய பிறகுதான் இந்தத் துறைக்குப் பெரிய மவுசு வந்தது. சீனன்குடாவில் காட்டை வெட்டி 101 எண்ணெய்க் குதங்கள் (பெரிய சேமிப்புத் தாங்கிகள்) கட்டும் வேலை 1920களில் தொடங்கியது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1927இல் ரயில் வந்தது. 1942 பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்ததும், கிழக்கே பிரித்தானியக் கடற்படைக்கு மிஞ்சிய பெரிய துறை இதுதான் என்றாகிவிட்டது. ஏப்ரல் அடிக்குப் பிறகு கப்பல்களில் பெரும்பகுதி ஆபிரிக்கக் கரைக்கு ஒதுங்கி, 1944 தொடக்கத்தில் திரும்பி வந்தது. அந்த ஒன்றரை வருடம்தான் உச்சம்.

இப்போது ஆட்கணக்கு. 1921இல் மாவட்டத்தில் ஏறத்தாழ 34,000 பேர். 1931இல் 37,000 சொச்சம். 1946இல் ஏறத்தாழ 76,000. முந்திய பத்து வருடத்தில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் கூடிய இடத்தில், அடுத்த பதினைந்து வருடத்தில் சனம் இரட்டித்திருக்கிறது.

என் கட்சி இதுதான்: தளம் சம்பளத்தைக் கொடுத்துவிட்டுக் கரையை எடுத்துக்கொண்டது. 1957இல் பிரித்தானியர் தளத்தை விட்டுப் போனதோடு சம்பளமும் போய்விட்டது. கரை இன்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை. ஒத்துக்கொள்ளாதவர்கள் வாருங்கள். வீட்டில் பெரியவர்கள் சொன்ன கதை ஏதும் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

---

உப்புவெளிக்காரி எழுதியது:

அண்ணை, "சம்பளத்தைக் கொடுத்துவிட்டு" என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறீர்களே! அந்தச் சம்பளம் என்ன செய்தது என்று எங்கள் வீட்டில் கேட்டால் ஒரு நாள் முழுக்கச் சொல்வார்கள்.

அம்மாவின் அப்பா டொக்யார்டில், அதாவது கடற்படையின் கப்பல் பட்டறையில், பிற்றராக (இயந்திரம் பொருத்துபவராக) இருந்தவர். அதற்கு முன் தம்பலகாமத்தில் போடியார் (பெரிய வயற்காரர்) ஒருவரின் வயலில் வேலை. அங்கே கூலி நெல்லாகத்தான் கிடைக்கும், அதுவும் அறுவடைக்கு அறுவடை. இடையில் காசு வேண்டுமென்றால் போடியார் வீட்டு முற்றத்தில் போய் நிற்க வேண்டும். கலியாணம் பேசினாலும் அவரிடம் ஒரு சொல் கேட்டாக வேண்டும். டொக்யார்டில் காசு வாராவாரம் கையில் வந்தது. "போடியாரைக் கண்டால் சால்வையைத் தோளிலிருந்து எடுக்கிற பழக்கத்தை உங்கட தாத்தா அந்த வருசம்தான் விட்டவர்" என்று அம்மம்மா சொல்லுவா. சம்பளம் எவ்வளவு என்பதை அவ மறந்துவிட்டா. சால்வைக் கதையை மறக்கவே இல்லை.

வாசலில் ஒவ்வொருவருக்கும் இலக்கம் பொறித்த பித்தளை வில்லை ஒன்று கொழுவியிருக்குமாம். காலையில் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். சங்கு ஊதிய பிறகு வில்லை பலகையிலேயே தொங்கினால் சம்பளத்தில் வெட்டு. அதனால் எங்கள் வீட்டு அடுப்பு சேவல் கூவலை விட்டுவிட்டுச் சங்குக்கு மூட்டப்பட்டது. தாத்தா ஓய்வு பெற்ற பிறகும் அந்த நேரத்துக்குத்தான் எழும்புவார். இன்னொன்று, அவருக்கு எல்லாம் மட்டமாக இருக்க வேண்டும். ரசமட்டத்தை அம்மியின் மேல் வைத்துப் பார்த்து, ஒரு மூலைக்குக் கீழே தகடு கொடுத்தவர். அந்தத் தகடு இன்னும் இருக்கிறது.

ஒரே பட்டறையில் யாழ்ப்பாணத்தார், காலிப் பக்கத்துச் சிங்களவர், மலையாளி, பறங்கி என்று எல்லோரும். தாத்தா சிங்களம் கற்றது அங்கேதான். பள்ளிக்கூடத்தில் யாரும் கற்றுக் கொடுக்கவில்லை.

---

கிண்ணியான் எழுதியது:

உப்புவெளிக்காரி சொல்வது பட்டணத்துப் பக்கக் கதை. குடாவின் இந்தக் கரையில் கதை கொஞ்சம் வேறு.

கிண்ணியாவிலும் மூதூரிலும் டொக்யார்ட் வேலைக்குப் போனவர்களும் உண்டு. ஆனால் எங்கள் ஆட்களுக்குப் பெரிய வரும்படி வந்தது விறகிலும் மரத்திலும் மாட்டிலும் முட்டையிலும்தான். அத்தனை ஆயிரம் வெள்ளைக்காரரும் தின்ன வேண்டாமா? கொந்தராத்து எடுத்த சில குடும்பங்கள் அந்த மூன்று நான்கு வருடத்தில் கல்வீடு கட்டின. காட்டில் மரம் வெட்டியவன் மரம் வெட்டியவனாகவே இருந்தான். ஊருக்குள்ளே மேடு பள்ளம் அப்போதுதான் கூடியது என்று எங்கள் வாப்பா சொல்வார்.

மீன்பிடிக்காரர் பாடுதான் மோசம். துறைமுக வாயிலில் நீர்மூழ்கிகளைத் தடுக்க வலைவேலி போட்டிருந்தார்கள். இரவில் வெளிச்சம் காட்டக் கூடாது. வெளிச்சம் இல்லாமல் ராத் தொழில் எப்படி? சோபர் தீவுப் பக்கம் போனால் விரட்டுவார்கள். நல்ல மீன் படுகிற உட்குடாவை விட்டு வெளியே அலைக்குள் போனவர்களில் சிலர் பிறகு திரும்பி உள்ளே வரவே இல்லை, தொழிலை மாற்றிக்கொண்டார்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். உலகத்தின் பெரிய கடற்படைகளில் ஒன்று எங்கள் கண்ணுக்கு எதிரே இருந்தது. ரயில், விமான ஓடுபாதை, எண்ணெய்க் குழாய் எல்லாம் வந்தது. கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது 2009இல். 396 மீற்றர். அதுவரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைத்தாய்ச்சியையும் பாதையில் (மிதவைப் படகில்) ஏற்றித்தான் கொண்டுபோனோம்.

---

புள்ளிக்காரன் எழுதியது:

கதைகள் நன்றாக இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றையும் தளத்தின் கணக்கில் எழுதுவதற்கு முன் கொஞ்சம் நிறுத்துங்கள்.

முதலாவது, கொட்டியாரன் காட்டுகிற 1931–46 இடைவெளியில் 1941 கணக்கெடுப்பு இல்லை, போரால் அதை நடத்தவில்லை. 1931 கணக்கெடுப்பும் பொருளாதார மந்தத்தால் அரைகுறையாக நடந்தது, இனவாரி விபரம் கிடையாது. ஆகவே கூடியது எப்போது கூடியது, 1938இலா 1944இலா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது, இந்த மாவட்டத்தின் சமூகத்தைத் தலைகீழாக்கியது கந்தளாய், அல்லை போன்ற குடியேற்றத் திட்டங்கள். அவை 1950களின் கதை. 1953இல் ஏறத்தாழ 84,000 ஆக இருந்த சனத்தொகை 1963இல் 1,38,000ஐத் தாண்டியது. இதோடு ஒப்பிட்டால் போர்க்காலம் ஒரு முன்னோட்டம்தான்.

மூன்றாவது, அரிசித் தட்டுப்பாடு, கூப்பன், கோதுமை மா இவற்றையெல்லாம் திருகோணமலைக்காரர் "தளம் வந்ததால்" என்று சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். பர்மா ஜப்பானியர் கையில் போனதால் இலங்கை முழுவதற்கும் அரிசி நின்றது. 1942இல் பங்கீடு வந்தது. பாண் சாப்பிட நாம் பழகியது அப்போதுதான், ஆனால் அப்படிப் பழகியது முழு நாடும்.

---

கொட்டியாரன் எழுதியது:

கோதுமை மா விஷயத்தில் சண்டை இல்லை. சனக்கணக்கில் உண்டு.

1921இல் மாவட்டத்தில் சிங்களவர் நூற்றுக்கு ஐந்து பேரும் இல்லை. 1946இல் ஐந்தில் ஒரு பங்கு. குடியேற்றத் திட்டங்கள் பெரிதாகத் தொடங்குமுன்பே இது நடந்துவிட்டது. 1946க்கும் 1953க்கும் இடையில் அந்த எண்ணிக்கை கூடவே இல்லை, பதினையாயிரம் சொச்சத்தில் நின்றது. போர் வேலைக்கு வந்தார்கள், வேலை தேய்ந்ததும் வருகை நின்றது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இருந்தால் சொல்லுங்கள். வந்தவர்களைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்களும் வயிற்றுப்பாட்டுக்கு வந்த தொழிலாளிகள்தான், உப்புவெளிக்காரியின் தாத்தாவோடு ஒரே பட்டறையில் நின்றவர்கள். கூலிக்கு வந்தவன் பக்கத்து வீட்டுக்காரனாக இருந்தான். அரசாங்கம் காணி கொடுத்துக் கொண்டுவந்து இருத்தியபோதுதான் அது அரசியலாகியது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது காணி. 1942 மார்ச்சில் அட்மிரல் லேய்ட்டன் இலங்கையின் தலைமைத் தளபதியாக வந்தபோது ஆளுநர் கல்டெகொட்டுக்கும் மேலான அதிகாரத்தோடு வந்தார். போர்க்கால விதிகளின்படி காணியும் கட்டடமும் எடுக்கலாம், படகை எடுக்கலாம், ஆளை வெளியேற்றலாம். அந்த அவசரத்தில் ஒவ்வொரு முனையிலும் முகாம், பீரங்கி மேடை, களஞ்சியம். ஒஸ்ரன்பேர்க் முனை, சீனன்குடா, துறைமுகத்தின் உட்கரை என்று வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். ஊருக்கு மிஞ்சியது கோட்டைக்கு இரண்டு பக்கமும் உள்ள வெளிக்கடல் மணல்தான். உலகத்துக்கே தெரிந்த இயற்கைத் துறைமுகம். அதன் தண்ணீரைத் தொட்டுப் பார்க்காமலே வளர்ந்த பிள்ளைகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

---

கடலோடி எழுதியது:

சமூக விவாதத்தின் நடுவில் ஒரு கப்பல் பைத்தியத்தின் குறுக்கீடு, மன்னிக்கவும். 1944 ஓகஸ்ட் 8. வேலியன்ற் என்ற பெரிய போர்க்கப்பலைத் திருகோணமலையில் மிதக்கும் கப்பல்துறை ஒன்றில் ஏற்றிப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். துறையே உடைந்து மூழ்கியது. கப்பல் பலத்த சேதத்தோடு தப்பியது. எதிரி ஒரு குண்டும் போடவில்லை!

அந்தத் துறை போனதால் இங்கே பெரிய கப்பல்களைப் பழுதுபார்க்கும் வசதி போர் முடியும்வரை முடமானது. நம் ஊர்த் தொழிலாளருக்கு எவ்வளவு வேலை இதனால் இல்லாமல் போனது என்று யாராவது ஆராய்ந்தால் நன்றாக இருக்கும்.

---

மயிலிட்டிக்கரை எழுதியது:

வடக்கிலிருந்து ஒரு குரல். கொட்டியாரனின் "கரை திரும்பி வரவில்லை" என்ற வாதத்துக்கு எங்களிடம் இன்னும் பலமான சாட்சி இருக்கிறது.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமானத்தளத்தை இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய விமானப்படை கட்டியது. செம்மண் தோட்டக் காணி, வடக்கே நடக்கிற தூரத்தில் கடல். போர் முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், ஓடுபாதை நின்றது. பிறகு பயணிகள் விமானம் வந்தது, சென்னைக்கெல்லாம் போனார்கள், நல்லதுதான். 1980களில் உள்நாட்டுப் போர் வந்ததும் இராணுவம் வேறு எங்கே போய் இருக்கும்? ஓடுபாதை இருக்கிற இடத்தில்தான். அதைக் காக்கச் சுற்றிவர ஒரு வேலி, அந்த வேலியைக் காக்க இன்னொரு வேலி. 1990 ஜூனில் தளத்தைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்குச் சனம் முழுக்க ஊரை விட்டு எழும்பியது. மயிலிட்டி வடக்கின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. அது 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தது.

இருபத்தேழு வருடம் என்பது ஒரு தலைமுறை. மல்லாகம், சுன்னாகம் பக்கத்து நலன்புரி முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்குக் கடல் என்றால் பேருந்தில் போய்ப் பார்க்கிற இடம். தகப்பன் நீரோட்டமும் காற்றும் பார்த்துத் தொழில் செய்தவர், மகன் மேசன் வேலைக்குக் கூலியாள். வேறு ஊர்க் கரையில் போய் வள்ளம் இறக்கினால் அந்த ஊர்ச் சங்கம் ஒத்துக்கொள்ளாது, அவர்களுக்கும் கரை ஒன்றுதானே. சம்மாட்டியாக (படகும் வலையும் சொந்தமாக வைத்தவராக) இருந்தவர் இன்னொருவரின் படகில் பங்குக்குப் போனார். இதில் நொந்துபோனது காசை விட மரியாதை.

துறைமுகம் திறந்த பிறகு போய்ப் பார்த்தேன். எல்லை தெரியாத பற்றை. கிணற்றை வைத்துத்தான் இது யாருடைய வளவு என்று ஆட்கள் அடையாளம் கண்டார்கள். எங்கள் மாமா கிணற்றுக் கட்டில் பதித்திருந்த வருடத்தைச் சுரண்டிப் பார்த்துத்தான் நம்பினார்.

1940களில் யாரோ ஒரு அதிகாரி வரைபடத்தில் சமதரை தேடிக் கோடு போட்டான். அரை நூற்றாண்டு கழித்து இன்னொரு போர் அந்தக் கோட்டிலேயே வந்து உட்கார்ந்தது.

---

சென்னைவாசி எழுதியது:

வெளியாள் ஒருவனின் கேள்வி. சென்னையில் 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வரப்போகிறான் என்று அரசாங்கமே ஊரைக் காலிசெய்யச் சொன்னது. உயிரியல் பூங்காவில் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். பாதி ஊர் மூட்டை கட்டிப் போய்விட்டு, சில மாதத்தில் திரும்பி வந்தது. ஆனால் நகரத்தின் அமைப்பை அது பெரிதாக மாற்றியதாகத் தெரியவில்லை. உங்கள் ஊரில் ஏன் இவ்வளவு ஆழமாக இறங்கியது? அப்புறம், 1957இல் தளத்தை மூடியபோது அந்தத் தொழிலாளர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

---

பழையதெரு எழுதியது:

சென்னைவாசி கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிறேன். இந்த இழையில் எல்லோரும் 1942ஐயே சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் 1957தான் முக்கியமான வருடம்.

1947 நவம்பரில், சுதந்திரத்துக்கு முன்னரே, பிரித்தானியாவும் இலங்கையும் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தன. அதன்படி திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத்தளமும் பிரித்தானியர் கையிலேயே இருந்தன. 1956 தேர்தலில் வென்ற பண்டாரநாயக்கா தளங்களைத் திருப்பிக் கேட்டார். 1957 ஒக்டோபர் 15 திருகோணமலை கைமாறியது, நவம்பர் 1 கட்டுநாயக்க. நாடு முழுக்கக் கொண்டாட்டம். அந்நியன் போவது நல்லதுதான், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் ஊரில் பாதி வீட்டில் அன்று அடுப்பைப் பற்றிய கவலை. இலங்கைக் கடற்படை அப்போது சின்னப் படை. ஒரு பேரரசின் கப்பல்களுக்காக வைத்திருந்த பட்டறையை அது என்ன செய்யும்?

400க்கு மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் வேலை இழந்தார்கள். அவர்களைப் பொலன்னறுவை மாவட்டத்தில் காணி கொடுத்துக் குடியேற்ற அரசாங்கம் திட்டம் போட்டது. யோசித்துப் பாருங்கள், கடைசல் இயந்திரம் பிடித்த கையில் மண்வெட்டி. அதைவிடப் பெரிய பிரச்சினை, அங்கிருந்த சிங்களக் குடியேற்றக்காரர் மத்தியில் இது தீயாகப் பரவியது. "தமிழர் வந்தால் விடமாட்டோம்" என்று கும்பல்கள் சேர்ந்தன. 1956 தனிச் சிங்களச் சட்டம், பண்டாரநாயக்கா தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தோடு செய்த பண்டா–செல்வா ஒப்பந்தம், அது கிழிக்கப்பட்டது என்று நாடு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த நேரம். 1958 மே மாதம் கலவரம் மூண்டபோது பொலன்னறுவையில் ரயிலைத் தாக்கினார்கள், கரும்புத் தோட்டத்தில் தொழிலாளரை வெட்டினார்கள்.

தளம் மூடியதால்தான் 1958 வந்தது என்று சொல்ல மாட்டேன், அது அபத்தம். ஆனால் அந்தக் கலவரத்தைப் பற்றி எழுதுபவர்கள் மொழிச் சட்டத்தில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். பொலன்னறுவையில் பயமும் வெறியும் கிளம்பிய வழியில் எங்கள் ஊர் டொக்யார்ட் வாசலும் ஒன்று.

---

உப்புவெளிக்காரி எழுதியது:

பழையதெரு ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தாத்தாவுக்கும் காணி தருவதாகச் சொன்னார்களாம். "நான் வயலை விட்டு ஓடி வந்தவன், என்னைத் திரும்ப வயலுக்கு அனுப்புறாங்கள்" என்று சிரித்தாராம். அவர் போகவில்லை. வாழைச்சேனைக் காகித ஆலை அப்போதுதான் தொடங்கியிருந்தது, அங்கே எடுத்துக்கொண்டார்கள். கூட இருந்த இன்னொருவர் காங்கேசன்துறை சீமெந்து ஆலைக்குப் போனார். கைத்தொழில் தெரிந்தவர்கள் எப்படியோ கரையேறினார்கள். சுமை தூக்கியவர்கள், துப்புரவு செய்தவர்கள், பெயின்ற் அடித்தவர்கள் பாடுதான் தெரியாமலே போனது.

அதே தளம் கற்றுக்கொடுத்த கைதான் பிறகு கிழக்கிலும் வடக்கிலும் ஆலைகளை ஓட்டியது என்பதையும் எழுதி வையுங்கள், கொட்டியாரன் அண்ணை. நீங்கள் அதை உங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

---

பாலையூற்றான் எழுதியது:

பறங்கி என்று ஒரு சொல்லோடு விட்டுவிட்டீர்கள். எங்கள் சனத்தைப் பற்றி நானே எழுதினால்தான் உண்டு.

கிழக்கில் உள்ள பறங்கியர் போர்த்துக்கீச வழி வந்தவர்கள். தச்சு, கொல்லு, தையல், சப்பாத்து, இதுதான் பரம்பரைத் தொழில். கொழும்பில் உள்ள ஒல்லாந்தப் பறங்கியரைப் போல உத்தியோகமும் இங்கிலீசும் எங்களிடம் இல்லை. வீட்டில் போர்த்துக்கீசக் கிரியோல், வெளியில் தமிழ். போர்க்காலத்தில் தளத்துக்கு வேண்டியது இந்தக் கைவேலைதான், ஆகவே முதல் முறையாக எங்கள் ஆட்களுக்குக் கிராக்கி. இங்கிலீசு வீட்டுக்குள் வந்தது. கிரியோல் மெல்ல மெல்லப் பின்னால் போனது, பிள்ளைகளிடம் பேசுவதை நிறுத்தினார்கள். 1956க்குப் பிறகு வழி கிடைத்தவர்கள் அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். மிஞ்சியவர்கள் இங்கே இருக்கிறோம், கலியாண வீட்டில் எங்கள் கஃப்ரிஞ்ஞா நடனம் ஆடுகிறோம்.

இன்னொன்று. இத்தனை பதிவில் ஒருவரும் தொடாத விஷயம், மாலுமிகளும் ஊர்ப் பெண்களும். சலவை, தையல், சமையல் என்று தளத்தை நம்பிப் பெண்கள் உழைத்தார்கள். அதைச் சொல்வார்கள். மற்றதைச் சொல்ல மாட்டார்கள். தகப்பன் பெயர் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளை "கப்பல் பிள்ளை" என்று எங்கள் தெருவில் கூப்பிட்டதை நானே கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்களை ஒதுக்கியவர்கள் அதே மாலுமிகளுக்குச் சாராயம் விற்றுக் கடை வைத்தவர்கள்தான்.

---

நெறியாளர் எழுதியது:

மேலே உள்ள பதிவுக்கு வந்த இரண்டு பதில்களை நீக்கியிருக்கிறேன். குடும்பப் பெயர்களைக் குறிப்பிட்டு எழுதாதீர்கள். விவாதம் தொடரட்டும்.

---

கிண்ணியான் எழுதியது:

மயிலிட்டிக்கரை எழுதியது எங்கள் பக்கம் சம்பூருக்கும் பொருந்தும். 2006 ஏப்ரலில் குண்டுவீச்சால் சனம் ஊரை விட்டு எழும்பியது, பிறகு அந்த இடம் உயர் பாதுகாப்பு வலயம் என்றானது. கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்கில் இருந்தார்கள். 2015, 2016இல்தான் திரும்பிப் போனார்கள். ஏன் சம்பூர்? அங்கிருந்து பார்த்தால் துறைமுக வாயில் நேரே தெரியும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து துறைமுகத்தைக் காக்கிற ஒவ்வொருவனுக்கும் எதிர்க்கரையில் குடியிருக்கிறவன்மேல் ஒரு கண்.

---

புள்ளிக்காரன் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் இப்போது நீங்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். நான் மறுபக்கம் நிற்கிறேன்.

கட்டுநாயக்கவைப் பாருங்கள். 1944இல் நீர்கொழும்புக்கு அருகே பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம். திருகோணமலையோடு சேர்த்து 1957இல்தான் அதுவும் கைமாறியது. இன்று அது பன்னாட்டு விமான நிலையம், பக்கத்தில் 1978இல் திறந்த சுதந்திர வர்த்தக வலயம், பல்லாயிரம் பெண்களுக்கு வேலை. தெற்கே கொக்கல: போருக்காகக் கிராமத்துச் சனத்தையே எழுப்பி அனுப்பிவிட்டு விமானத்தளம் போட்டார்கள். 1990களில் அங்கும் வர்த்தக வலயம். அந்த வேலைகளின் தரம் வேறு விவாதம். ஆனால் தளம் தளமாகவே உறையவில்லை.

அப்படியானால் தளம் வந்ததால் கரை போனது என்று சொல்வது பாதி உண்மை. போர் முடிந்த பிறகு அந்தக் காணியை என்ன செய்வது என்று முடிவெடுத்தது கொழும்பு. மேற்கில் ஒன்றைச் செய்தது, கிழக்கில் இன்னொன்றைச் செய்தது. 1942இல் கோடு போட்ட அதிகாரியைத் திட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பிறகு அந்தக் கோட்டை அழிக்காமல் விட்டவர்கள் எல்லோரும் தப்பிவிடுவார்கள்.

---

கொட்டியாரன் எழுதியது:

கட்டுநாயக்க நல்ல உதாரணம். ஆனால் அது சமதரையில் போட்ட ஓடுபாதை. விமானம் போர் விமானமா பயணிகள் விமானமா என்று ஓடுபாதைக்குக் கவலையில்லை. திருகோணமலையில் எடுத்தது துறைமுகத்தின் வாய், அதைச் சுற்றிய குன்றுகள், எண்ணெய். இவற்றை எந்த அரசாங்கமும் சும்மா விடாது. கொழும்பில் இருப்பவர்கள் மட்டும் என்று இல்லை, டில்லியும் பெய்ஜிங்கும் வாஷிங்டனும் கண் வைத்திருக்கிற இடம்.

எண்ணெய்க் குதங்களையே எடுங்கள். 101இல் ஒன்று 1942 ஏப்ரல் 9 அன்று எரிந்தது. ஜப்பானிய விமானம் ஒன்று அதன்மேல் விழுந்தது என்று ஊரில் சொல்வார்கள். இன்னொன்று பிறகு அழிந்தது. மிச்சம் 99. 2003இல் அவற்றை இந்திய எண்ணெய் நிறுவனத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்க ஒப்பந்தம். 2022 ஜனவரியில் புது ஒப்பந்தம்: 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பெனிக்கு. நாடாளுமன்றத்தில் பேசினார்கள், கொழும்பில் ஆர்ப்பாட்டம் செய்தார்கள், டில்லியில் மகிழ்ந்தார்கள். அந்தக் காடு யாருடைய மேய்ச்சல் நிலமாக இருந்தது, வெள்ளைமணல் பக்கத்துச் சனம் இதைப் பற்றி என்ன நினைக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. குதங்களின் மேல் ஆலமரம் வேர்விட்டிருக்கிறது. உள்ளே போக அனுமதி வேண்டும்.

உப்புவெளிக்காரிக்கு: கைத்தொழிலைக் கணக்கில் சேர்க்கிறேன், தங்கச்சி. ஆனால் அந்தக் கை வாழைச்சேனைக்குப் போனது என்றால், அது எங்கள் ஊரை விட்டுப் போனது என்றும் அர்த்தம்தானே.

---

புள்ளிக்காரன் எழுதியது:

குன்றையும் துறையையும் எந்த அரசாங்கமும் விடாது என்றால், தளம் வராமலே இருந்திருந்தாலும் 1957க்குப் பிறகு ஒரு நாள் வேலி வந்திருக்கும். உங்கள் வாதம் புவியியலைக் குற்றவாளி ஆக்குகிறது, போரை இல்லை. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

---

பழையதெரு எழுதியது:

அதற்கு நான் சொல்கிறேன். கோணேசர் கோயிலைப் பாருங்கள். போர்த்துக்கீசர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துக் கோட்டை கட்டினார்கள். 1950இல் கிணறு வெட்டும்போது சிலைகள் கிடைத்தன, 1963இல் குடமுழுக்கு நடந்தது. கோயில் வந்தது, ஆனால் கோட்டை இன்றும் இராணுவ முகாம். கும்பிடப் போகிறவன் முகாம் வாசலால்தான் போகிறான், இரண்டு பக்கமும் மான் மேய்கிறது, சோதனைச் சாவடி இருக்கிறது, சனம் அதைப் பழகிவிட்டது. குன்று எப்போதும் குன்றுதான். முதல் படை வந்து இருந்தபடியால்தான் அடுத்த படைக்குக் கட்டடமும் மதிலும் சட்டமும் தயாராக இருந்தன. ஒன்றுமில்லாத குன்றில் புதிதாக வேலி போடுவதென்றால் காணிக்காரனிடம் கேட்க வேண்டும், நட்டஈடு கொடுக்க வேண்டும், வழக்கு வரும். 1957இல் சாவிக்கொத்து கைமாறியது, அவ்வளவுதான்.

---

உப்புவெளிக்காரி எழுதியது:

நீங்கள் மூவரும் சண்டை பிடியுங்கள். தாத்தாவின் வேலைச் சான்றிதழ் அம்மாவின் பெட்டியில் இருக்கிறதாம். வார இறுதியில் படம் எடுத்துப் போடுகிறேன், இலக்கத்தை மறைத்துவிட்டு. புள்ளிக்காரன் அண்ணை, அவரை எந்தத் திகதியில் நிறுத்தினார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. கைமாற்றத்துக்கு முன்பே ஆள் குறைக்கத் தொடங்கிவிட்டார்களா என்பது அதோடு கொஞ்சம் தெளிவாகும். வேறு யார் வீட்டிலாவது இப்படிக் கடதாசி இருந்தால் நீங்களும் போடுங்கள், ஒரு கடதாசியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.